சொல்லாமல் நகர்த்தியது

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எதை நகர்த்தினாலும் சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும். நாற்காலி, வாளி, செருப்பு, பாதி திறந்த பீரோ கதவு என்று எதற்கும் விலக்கு கிடையாது. என் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் குளித்துவிட்டு வாளியை அப்படியே குளியலறை வாசலில் விட்டுவிட்டு வந்தேன். அவள் அதில் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, "இந்த வீட்ல நீங்க என்ன வேணா செய்யுங்க. சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள். அன்று இயற்றப்பட்ட சட்டத்துக்கு இன்றுவரை திருத்தம் எதுவும் வரவில்லை.

அதை நான் கடைப்பிடித்த விதத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் என் முதல் வேலை நாற்காலிகளைப் பழைய இடத்தில் சேர்ப்பது. தரை ஓடுகளுக்கு நடுவே ஓடும் கோட்டில் நாற்காலிக் கால் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு தடவை போதகர் ஆசீர்வாதம் சொல்லி எழுந்து நின்றவர், மறுபடி உட்காரப் போனார். அதற்குள் நான் நாற்காலியைக் கொண்டுபோய்விட்டேன். நல்லவேளை, பக்கத்தில் கட்டில் இருந்தது.

அதனால்தான் அவள் வீட்டுக்குள் கோல் இல்லாமல், கையை முன்னால் நீட்டாமல் நடந்தாள். ஒரு கையில் சோற்றுப் பானை, மறு கையில் குழம்புச் சட்டி என்று அடுக்களைக்கும் கூடத்துக்கும் விறுவிறுவென்று போய் வருவாள். புதிதாக வருகிறவர்கள், "அந்தக் காலண்டர்ல வெள்ளிக்கிழமை என்ன தேதின்னு பாருங்களேன்" என்று அவளிடமே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எனக்கு அது பாராட்டுப் பத்திரம் வாங்குவது மாதிரி இருக்கும்.

இவ்வளவு ஒழுங்கான ஆள்தான் ஒரு சாயங்காலம் அவளிடம் சொல்லாமல் அவளுடைய மடிக்கணினிக்குள் கையை விட்டேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். வேலையிடத்தில் எனக்குள்ள மரியாதை, பூட்டையும் விசிறியையும் கவனித்துக்கொள்கிற ஆளுக்கு உள்ள மரியாதை. வீட்டில்தான் நான் வல்லுநர். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளங்களை ஒழித்துவிட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் லினக்ஸை அவளுடைய கணினியில் போட்டுக் கொடுத்தது நான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அதிலேயே உண்டு. தமிழ் உச்சரிப்பு சுமார்தான். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலக் கடகடவென்று பேசும் அந்தக் குரலுக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையான அவள் பாடக்குறிப்பு, வினாத்தாள், பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாவற்றையும் வாயாடியை வைத்துத்தான் முடிப்பாள். ஒரு காதில் மட்டும் இயர்போன் கருவியை மாட்டிக்கொண்டு, அது ஒரு வாக்கியம் சொல்ல, இவள் தன் குரலில் அடுத்த நொடியே வகுப்பில் சொல்வாள். கேட்கிறவர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது போலவே இருக்கும்.

அவளைச் சேரன்மகாதேவியில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை அவளுக்குப் புதிதல்ல. டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் தவறாமல் அழைப்பு வரும். பொன்னாடை போடுவார்கள், தன்னம்பிக்கை பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்வார்கள், எழுந்து நின்று கை தட்டுவார்கள். அவளுக்கு அது வேப்பங்காய். "நான் பாடம் நடத்துதேன். அதப் பத்தி ஒருத்தராவது கேக்காங்களா? நான் படி ஏறுனதத்தான் பேசுதாங்க" என்பாள். இந்த முறை கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் காத்திருந்த அழைப்பு அது.

அவளிடம் சொல்வதற்கு விஷயமும் இருந்தது. மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி, குடும்பங்கள் கீழே இறங்கியபோது அந்தப் பிள்ளைகளில் சிலர் அவளுடைய பள்ளியில் சேர்ந்தார்கள். வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவள் அவர்களிடம், பார்த்ததை எழுத வேண்டாம், கேட்டதை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் எழுதி, எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்ட, அவள் ஒரு சொல் மாறாமல் கணினியில் தட்டி வைத்துக்கொண்டாள். அதிலும் ஒரு சிறுமி எழுதியதைப் பயிற்சியில் படிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். என்னிடம்கூடக் காட்டவில்லை. "அங்கன வந்து கேளுங்க" என்றாள்.

பிரெயிலில் குறிப்பு எடுத்துக்கொண்டு போகத்தான் முதலில் நினைத்தாள். கெடுத்தவன் நான். "வாயாடி இருக்கப்போ அந்த அட்டை மூட்டையை எதுக்குச் சுமக்க?" என்றேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

முந்தைய நாள் சாயங்காலம் அவள் ஞாயிறு ஆராதனைக்காகக் கோவில் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தாள். எனக்கு வேலை இல்லை. இந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் என் போன்றவர்களுக்கு ஆபத்து. கணினியைத் திறந்தேன். கெர்னலுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு நின்றது. கெர்னல் என்றால் இயங்குதளத்தின் அடிமடி. திரை, விசைப்பலகை, ஒலி என்று எல்லாம் அதன் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கும். நாளைக்கு முக்கியமான நாள், எல்லாம் புதிதாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பாதியில் நின்றது. கெர்னலோடு கூட ஒரு துவக்கப் படிமமும் உருவாக வேண்டும். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் வருவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டி வைக்கும் ஆள் இருப்பாரே, அவர் செய்யும் வேலைதான் அதற்கு. கணினி விழித்ததும் அது முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பிவிடும். அதை எழுதி வைக்க ஒதுக்கிய இடத்தில் பழைய கெர்னல்கள் உட்கார்ந்திருந்தன. இடம் இல்லை என்றது. நான் பழையதை எல்லாம் கழித்துக் கட்டினேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் சேர்த்துத்தான். புதியது கெட்டுப்போனால் திரும்பி வர ஒரு பழையதை விட்டுவைப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆய்வகத்தில் பையன்களுக்கு நான் சொல்வதும் அதுவே.

அன்றைக்கு இணையம் ஆமை வேகத்தில் போனது. ஒத்திகை முடிந்து அவள் வருவதற்குள் முடித்துவிடத் துடித்தேன். புதிய கெர்னலை மட்டும் இறக்கினேன். அதன் கூடுதல் கோப்புகள் அடங்கிய பொதியை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். படிமம் உருவானது. அணைத்துப் போட்டேன். திரை வெளிச்சமாக வந்தது, அவளுடைய கோப்புகள் வரிசையாக இருந்தன. எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு மூடி வைத்தேன்.

ஒலியை இயக்குவது அந்தக் கூடுதல் பொதிக்குள் இருந்தது.

எனக்குக் கண் இருக்கிறது. அதனால் பார்த்தேன். வாயாடி பேசவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் எனக்கு அது பேச வேண்டிய தேவை இல்லை. இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியும் அவளுடைய கணினியை என் கண்ணால் சோதித்தேன்.

மறுநாள் காலை கிளம்பும் அவசரத்தில், "மிஷின் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"நேத்துத்தான் பாத்தேன். ஜம்முன்னு இருக்கு" என்றேன்.

எப்போதும் ஒரு தடவை திறந்து கேட்டுவிட்டுத்தான் பையில் வைப்பாள். அன்றைக்கு என் வார்த்தையே போதும் என்று வைத்தாள். பைக்கில் பத்தமடை தாண்டும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டு பேச்சின் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. முக்கூடல் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் மேசையில் கணினியைத் திறந்து, விசையை அழுத்தி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விசையைத் தட்டினாள். பிறகு கருவியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஒலிபெருக்கிக்கார அண்ணாச்சி வந்து வயரை ஆட்டிப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தி, "என்னங்க, இங்கன வாங்க" என்றாள்.

மேடைக்குப் போனேன். திரை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒலிக்கான படத்தின் மேல் சிறிய பெருக்கல் குறி. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அணைத்துத் துவக்கிப் பார்த்தேன். பழைய கெர்னலுக்குப் போகலாம் என்றால், பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

அவள் குனிந்து மெல்லக் கேட்டாள். "நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?"

"தெரியலையே" என்றேன்.

நல்ல வார்த்தை கிடைத்தது எனக்கு! தெரியும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, பயிற்சியை நடத்திய கல்வி அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார், கூச்சம் வாயைக் கட்டியது. "நான் பக்கத்துல நின்னு படிச்சுச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அதிகாரி காதில் அது விழுந்துவிட்டது. அவர் நல்ல மனிதர். நெகிழ்ந்துபோய் ஒலிவாங்கியிலேயே, "பாருங்க, கணவரே கண்ணா இருக்காரு" என்றார். கூடம் "ச்சு" கொட்டியது. கை தட்டினார்கள். எனக்குத்தான் அந்தக் கைதட்டல்.

அவள் முகம் இறுகியது. "வேண்டாம். நீங்க போய் உக்காருங்க" என்றாள்.

நான் வந்து உட்கார்ந்தேன். அவள் எழுந்து ஒலிவாங்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் மன்னிக்கணும். கம்ப்யூட்டர்ல நான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல. மனசுல இருக்கத வச்சுப் பேசுதேன்."

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, தப்பு என்னுடையது, அவளுடையதல்ல என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு முன் வரிசையில் ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம்லா" என்றார். அந்தப் பாவத்தை அவள் தலையில் ஏற்றி வைத்த நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நன்றாகத்தான் பேசினாள். ஆனால் பேச்சின் உயிரே அந்தப் பிள்ளைகள் எழுதியதில் இருந்தது. அந்தச் சிறுமி எழுதியதைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். "இதை என் வார்த்தையில சொன்னா அது அந்தப் பிள்ளை எழுதுனது ஆகாது" என்றாள். வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

மிச்ச நேரத்தை அதிகாரி எடுத்துக்கொண்டார். தடைகளைத் தாண்டி வந்த சகோதரி என்றார், நமக்கெல்லாம் ஒரு பாடம் என்றார். பொன்னாடை வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். என்னோடு இருந்தவர்கள் எல்லாம் எழுந்ததால் நானும் எழுந்து தட்டினேன்.

திரும்பும்போது பத்தமடைக்கு முன்னால், கால்வாய் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். நடவு முடிந்த வயலில் ஆள் இல்லை.

"ஏன் நிக்கோம்?" என்றாள்.

"ஏட்டி, நீ எதையும் தப்பா அமுக்கல. நேத்து நீ ஒத்திகைக்குப் போனப்போ நான்தான் அதுல கெர்னலை மாத்துனேன். சத்தத்துக்கு உள்ளத விட்டுட்டேன். பழசையும் அழிச்சிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"நல்லாத்தான் வந்துச்சு. பாத்தேனே..."

"பாத்தீங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அவளுக்கும் வரும், எங்கள் சண்டைகள் தெருவுக்கே கேட்கும். அன்று அவள் குரல் உயரவில்லை.

"மைக்ல நான் மன்னிப்புக் கேட்டப்போ நீங்க எங்கன இருந்தீங்க?"

"பின்னாடி. கடைசி வரிசை."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ம். வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தேன். பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அவள் கை என் தோளுக்கு வரவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்ததும் முதல் வேலையாகக் கணினியை எடுத்து உட்கார்ந்தேன். இணையம் இன்னும் ஊர்ந்ததால், ஆய்வகத்துக்குப் போய் விட்டுப்போன பொதியைக் கொண்டுவந்து ஏற்றி, படிமத்தைப் புதிதாக உருவாக்கி, அணைத்துத் துவக்கினேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். வாயாடி கடகடவென்று பேசியது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவள் வந்து உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தாள். காதுக் கருவியை மாட்டவில்லை. வாயாடி அந்தச் சிறுமி எழுதியதைத் தகரக் குரலில் வாசித்தது. "மேலே எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை வந்தால் அம்மா பேசுவதுகூடக் கேட்காது. இங்கே மாடிக்கு மேல் மாடி. மழை சொல்லாமல் வந்துவிட்டுப் போய்விடுகிறது. காலையில் தரை ஈரமாக இருந்தால்தான் தெரியும்." அவ்வளவுதான். அவள் கோப்பை மூடினாள். அந்த வரிகளை அந்தக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அவளை மறுபடி கூப்பிட்டார்கள், டிசம்பரில்.

அந்தப் பயிற்சி முடிந்து சில வாரம் கழித்து, "எனக்குக் கெர்னல் மாத்தச் சொல்லிக் குடுங்க" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நான் பார்க்க முடியாதபடி திரையைப் பாதி சாய்த்து மூடிவிட்டுத்தான் உட்காருவாள். கட்டளைகளை அவள் தட்டத் தட்ட, வாயாடி ஒவ்வொரு வரியாகப் படிக்கும். அவள் பழையது ஒன்றை எப்போதும் விட்டுவைப்பாள். அவளுக்கு அவசரம் கிடையாது. "பைய வரட்டும்" என்று காத்திருப்பாள். முதல் தடவை அவளாகவே செய்தபோது நான் அடுக்களையில் இருந்தேன். அங்கிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, மிஷின்ல கெர்னல் மாத்துதேன்."

"ஒன் மிஷின்தான. எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

"வீட்டுச் சட்டம்லா" என்றாள். கேலிதான். சிரிப்புகூட இருந்தது அதில். நானும் சிரித்தேன், ஏதோ தண்டனைக் காலம் முடிந்துவிட்டது போல.

முடியவில்லை. அன்று மதியம் அவள் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒரு கையில்தான் பானை. இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது. நாற்காலியின் முதுகைத் தொட்டது, மேசை விளிம்பைத் தொட்டது, அதற்குப் பிறகுதான் கால் வந்தது. சேரன்மகாதேவியிலிருந்து திரும்பிய நாளிலிருந்தே அவள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய்விட்டுக் கேட்க அன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

"எதையும் நகத்தலட்டி. எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றாள். பானையை மேசையில் வைத்துவிட்டு, "கைக்குத் தெரிய மாட்டேங்கு" என்றாள்.

நாற்காலியின் கால்கள் தரைக் கோட்டில்தான் நிற்கின்றன. நான் தினமும் குனிந்து பார்க்கிறேன்.